மலைத்தோட்டத்தில் கமலா ஆரஞ்சு: நிலத் தேர்வு முதல் விற்பனை வரை முழு வழிகாட்டி

கமலா ஆரஞ்சுத் தோட்டத்தில் லாபமா நட்டமா என்பது பெரும்பாலும் நாற்று வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. நோயுள்ள நாற்று நட்ட முதல் இரண்டு ஆண்டுகள் பச்சைப்பசேலென்றுதான் நிற்கும். காய்க்கத் தொடங்கும் நேரத்தில் இலை வெளுத்து, நுனிக்கிளை காய்ந்து, சுண்டிய பழம் தரும். அதற்குள் குழி, உரம், கூலி என்று பணம் போயிருக்கும். கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் குடகிலும் ஒரு காலத்தில் காப்பிக்கு இணையாக வருமானம் தந்த ஆரஞ்சுத் தோட்டங்கள் அழிந்ததற்குப் பசுமையாக்கல் நோய், டிரிஸ்டெசா வைரஸ், வேரழுகல் ஆகிய மூன்றும் முக்கியக் காரணங்கள். மூன்றுமே நாற்றோடும் மண்ணோடும் தொடர்புள்ளவை. அதனால் இந்த வழிகாட்டியில் நடவுக்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர், சிறுமலை, ஏற்காடு, கொல்லிமலை போன்ற இடங்களில் ஒன்று முதல் மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

நிலம் பொருந்துமா?

கமலாவில் கொடை ஆரஞ்சு, குடகு ஆரஞ்சு ஆகிய இரண்டு ரகங்களுக்கும் கடல் மட்டத்திலிருந்து 500 முதல் 1,500 மீட்டர் வரை உயரமுள்ள மலைப்பகுதி ஏற்றது. ஆண்டுக்கு 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் மழை நல்லது. அதற்குக் குறைந்தால் கோடைப் பாசனத்துக்கு வழி இருக்க வேண்டும். சமவெளியில் செடி வளரும், காய்க்கவும் செய்யும். ஆனால் இரவுக் குளிர் இல்லாததால் தோல் பச்சையாகவே நிற்கும், சந்தையில் விலை போகாது. சமவெளிக்காரர்கள் எலுமிச்சையோ சாத்துக்குடியோ வைப்பதே சரி.

மண் ஒன்றரை மீட்டராவது ஆழம் இருக்க வேண்டும். கார அமிலநிலை 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. காப்பித் தோட்ட மண் பல இடங்களில் 5-க்கும் கீழே போயிருக்கும். அப்படியானால் மண் பரிசோதனை அறிக்கை சொல்லும் அளவில் டோலமைட் அல்லது விவசாயச் சுண்ணாம்பு இட்டுவிட்டு, ரசாயன உரத்துக்கு மூன்று வாரமாவது இடைவெளி விடுங்கள். சுண்ணாம்பும் யூரியாவும் ஒன்றாகச் சேர்ந்தால் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும்.

வடிகாலைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தோட்டத்தின் மேல், நடு, கீழ்ப்பகுதிகளில் இரண்டடி ஆழத்துக்கு ஒவ்வொரு குழி வெட்டி, தண்ணீரை நிரப்புங்கள். அது முழுக்க வடிந்த பிறகு மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றிய தண்ணீர் மறுநாளும் நின்றால், அந்த இடத்தில் ஆரஞ்சு வைக்க வேண்டாம். கீழ்ச்சரிவில் ஊற்றெடுக்கும் பகுதி, அடியில் களிமண் அடுக்கோ பாறையோ உள்ள பகுதி இரண்டும் அப்படித்தான் இருக்கும். அங்கே சௌசௌ பந்தலோ வாழையோ போடலாம்.

மலைக் கிராமங்களில் மண் அள்ளும் இயந்திரத்தை இறக்கும் முன்னும் மரம் வெட்டும் முன்னும் அனுமதி தேவையா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சொந்த நிலத்து மரத்துக்கும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்.

தனிப்பயிரா, காப்பியோடு ஊடுபயிரா?

6 மீட்டருக்கு 6 மீட்டர் இடைவெளியில் தனிப்பயிராக வைத்தால் ஏக்கருக்கு 112 மரம் வரும். காப்பி, மிளகோடு கலந்து வைப்பதானால் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏக்கருக்கு 40 மரம் போதும். சிறு விவசாயிக்கு எங்கள் பரிந்துரை இரண்டாவதுதான். ஆரஞ்சு காய்க்கும் வரை காப்பியும் மிளகும் வருமானம் தரும். ஒன்றில் விலை சரிந்தால் மற்றொன்று தாங்கும்.

கலப்புத் தோட்டத்தில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது நிழல். காப்பிக்குப் போதுமான நிழல் ஆரஞ்சுக்கு அதிகம். சில்வர் ஓக்கும் முள்முருங்கையும் கவிந்த இடத்தில் ஆரஞ்சு உயரமாக ஓடி, உச்சியில் மட்டும் நாலு காய் காய்க்கும். ஆண்டுக்கு ஒருமுறை நிழல் மரக் கிளைகளைக் கவ்வாத்து செய்து வெயிலை இறக்க வேண்டும். இரண்டாவது ஆள் பற்றாக்குறை. அராபிகா காப்பி பறிப்பும் ஆரஞ்சு அறுவடையும் ஏறக்குறைய ஒரே மாதங்களில் வரும். அப்போது ஆள் காப்பிக்குப் போய்விட்டால், ஆரஞ்சு மரத்திலேயே ஊதிப்போகும். எத்தனை மரத்தை உங்கள் வீட்டு ஆட்களே பறிக்க முடியும் என்று பார்த்து மர எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

வருமானக் கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். இதில் உள்ள கூலியும் விலையும் உதாரணத்துக்குத்தான்; உங்கள் ஊர் நிலவரத்தை அந்த இடத்தில் வையுங்கள். 112 மரம், மரத்துக்கு 30 கிலோ என்றால் 3,360 கிலோ. தோட்டத்து விலை கிலோ 35 ரூபாய் என்றால் 1,17,600 ரூபாய். உரம், மருந்து, களை, பறிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுச் செலவு 60,000 ரூபாய் என்று கொண்டால், ஒரு கிலோவின் உற்பத்திச் செலவு சுமார் 18 ரூபாய். அதே தோட்டம் நோயில் விழுந்து மரத்துக்கு 15 கிலோ மட்டுமே தந்தால், பறிப்புக் கூலி கொஞ்சம் குறையுமே தவிர மற்றச் செலவு அப்படியே நிற்கும். உற்பத்திச் செலவு கிலோவுக்கு 35 ரூபாயை நெருங்கிவிடும். கையில் எதுவும் மிஞ்சாது. மரத்துக்கு மரம் விளைச்சலை எழுதி வைப்பதும், தொடர்ந்து 10 கிலோவுக்குக் கீழ் தரும் மரத்தை வெட்டிவிட்டுப் புதிது நடுவதும் இதனால்தான் அவசியமாகிறது.

நன்றாகப் பராமரித்த ஒட்டுச் செடித் தோட்டம் மூன்று முதல் ஐந்தாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். எட்டு, பத்து ஆண்டுகளில் முழு விளைச்சலுக்கு வரும். ஹெக்டேருக்கு 15 முதல் 20 டன் வரை எடுக்கலாம் என்பது பரிந்துரைக் கையேடுகளின் கணக்கு. கடன் வாங்கும்போது அதில் பாதியை வைத்துத் திட்டமிடுவதே பாதுகாப்பு.

நாற்று: இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்

விதை நாற்று, ஒட்டுச் செடி இரண்டும் கிடைக்கும். பழைய கொடை ஆரஞ்சு மரங்கள் பெரும்பாலும் விதை நாற்றிலிருந்து வந்தவை. ஆரஞ்சு விதை ஒன்றிலிருந்து இரண்டு மூன்று முளைகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை தாய் மரத்தின் நகலாகவே இருக்கும். ஒரே சீராக, வீரியமாக வளர்பவற்றை வைத்துக்கொண்டு, குட்டையானதையும் இலை வேறுபட்டதையும் கழித்துவிட்டால் தரமான நாற்று கிடைக்கும். பசுமையாக்கல் நோயும் டிரிஸ்டெசாவும் விதை வழியாகப் பொதுவாகப் பரவுவதில்லை என்பது விதை நாற்றின் பெரிய பலம். பலவீனம், முள் அதிகம், மரம் உயரமாகும், காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும், வேரழுகலைத் தாங்காது.

ஒட்டுச் செடி சீக்கிரம் காய்க்கும், குடை அடக்கமாக இருக்கும். ஆனால் மொட்டு எடுத்த தாய் மரத்தில் நோய் இருந்தால் அத்தனை செடியிலும் அது வந்துவிடும். ஆகவே வாங்கும் முன் நாற்றங்காலில் இவற்றைப் பாருங்கள்:

தாய் மரம் எங்கே இருக்கிறது, அது நோய்ப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். தடியன்குடிசையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும் ஏற்காடு நிலையத்திலும் முன்கூட்டியே விசாரித்துப் பதிந்து வைப்பது நல்லது. நாக்பூரில் உள்ள மத்திய நாரத்தைவகைப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் தண்டு நுனி ஒட்டு முறையில் வைரஸ் நீக்கிய தாய்ச் செடிகளை உருவாக்குகிறது.

மொட்டைக் கட்டிய அடிச்செடி, அதாவது வேர்ச்செடி, எது என்று கேளுங்கள். ரங்பூர் எலுமிச்சை வறட்சியையும் டிரிஸ்டெசாவையும் தாங்கும்; வேரழுகலை ஜம்பேரி எலுமிச்சையைவிடச் சற்று அதிகம் தாங்கும். ஜம்பேரியில் செடி வேகமாக வளரும், ஆனால் ஈரம் தங்கும் மண்ணில் வேர் அழுகிவிடும். மழை மிகுந்த மலைக்கு ரங்பூரே மேல்.

மொட்டு கட்டிய இடம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு மூன்று அங்குலத்தில் கட்டிய செடி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மழையில் மண் தெறித்து, ஒட்டுப் பகுதி வழியே அழுகல் ஏறும்.

ஒரு பையைக் கிழித்து வேரைப் பாருங்கள். அதற்கான காசைக் கொடுத்துவிடலாம். பையின் அடியில் ஆணிவேர் சுருண்டு கிடந்தால், அந்தச் செடி பத்து ஆண்டு ஆனாலும் மண்ணில் ஊன்றி நிற்காது. பக்கவேர் வெளிர்மஞ்சளாக, தளிராக இருக்க வேண்டும். இரண்டு விரலால் இழுத்தால் தோல் உறை போலக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால், அது வேரழுகல். அந்தக் குவியலிலிருந்து ஒரு செடிகூட எடுக்காதீர்கள்.

நாற்றங்கால் பூச்சி நுழையாத வலைக்குள் இருந்தால் இன்னும் நல்லது. சாலையோரத்தில் லாரியில் வைத்து விற்கும் செடி எவ்வளவு செழிப்பாகத் தெரிந்தாலும் வாங்க வேண்டாம்.

குழியும் நடவும்

நடவுப் பருவம் இரண்டு: மே–ஜூன், செப்டம்பர்–அக்டோபர். தென்மேற்குப் பருவமழை பலமாக இருக்கும் சரிவுகளில் முதல் பருவமும், வடகிழக்கு மழையை நம்பிய இடங்களில் இரண்டாவதும் பொருந்தும். குழியை ஒரு மாதம் முன்பே 75 சென்டிமீட்டர் நீள, அகல, ஆழத்தில் எடுத்து வெயிலில் ஆறவிடுங்கள். மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவியுங்கள்.

நிரப்பும்போது மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழு உரம், 1 கிலோ வேப்பம் புண்ணாக்கு, அமில மண்ணானால் அரை கிலோ ராக் பாஸ்பேட் கலந்துகொள்ளுங்கள். தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து, ஈரப்படுத்தி, பதினைந்து நாள் நிழலில் மூடி வைத்துப் பிறகு இட்டால் வேரழுகல் பூஞ்சைக்கு எதிராக நன்றாக வேலை செய்யும். மக்காத சாணத்தைப் போடாதீர்கள். கறையான் வரும், சூட்டில் வேர் கருகும்.

நிரப்பிய மண் தரையைவிட அரையடி மேடாக இருக்கட்டும். இரண்டு மழையில் அது அமுங்கும். சமமாக நிரப்பினால் பிறகு பள்ளமாகி, தண்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கும். இதனால் செத்த செடிகள் ஏராளம். செடியைப் பையில் இருந்த அதே ஆழத்துக்கு மட்டும் புதையுங்கள். ஒட்டுப் பகுதி எந்த நிலையிலும் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். காற்று வரும் திசையில் குச்சி ஊன்றி, எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். உலர்ந்த இலை, புல் கொண்டு மூடாக்கு போடுங்கள், ஆனால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

சரிவில் நடும்போது சம உயரக் கோட்டில் வரிசை எடுத்து, ஒவ்வொரு செடிக்கும் பிறைவடிவில் மேடை வெட்டுங்கள். மேடை உட்புறமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். மேல்பக்கம் ஒரு சிறு வாய்க்கால் எடுத்தால் மழைநீர் பாத்திக்குள் புகாது.

காய்க்கும் வரை

தரையிலிருந்து ஒன்றரை அடி வரை தண்டில் வரும் பக்கக் கிளைகளை அவ்வப்போது நீக்குங்கள். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து வரும் துளிரைப் பார்த்த அன்றே கிள்ளுங்கள். விட்டுவிட்டால் இரண்டு ஆண்டில் ஆரஞ்சு ஒடுங்கி, முள்ளும் புளிப்புக் காயுமாக எலுமிச்சை மரம் நிற்கும். நேராக மேலே பாயும் நீர்ப்போத்துகளையும் எடுத்துவிடுங்கள். நல்ல கோணத்தில் விரிந்த நான்கைந்து கிளைகள் இருந்தால் போதும். வேறு கவ்வாத்து வேண்டாம்.

தனிப்பயிர்த் தோட்டத்தில் முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஊடுபயிராக பீன்ஸ், பட்டாணி, மொச்சை போன்றவற்றைப் போடலாம். மண்ணுக்கும் சத்து, கைக்கும் காசு. கத்தரி, மிளகாய், வெண்டை, பூசணி வகைகளைத் தவிருங்கள். அவற்றில் பெருகும் பருத்தி அசுவினி டிரிஸ்டெசா வைரஸையும் கடத்தக்கூடியது. எந்தப் பயிரானாலும் செடியைச் சுற்றி மூன்றடிக்குள் மண்வெட்டி போகக் கூடாது. ஆரஞ்சின் உணவு வேர்கள் மேலாகவே ஓடுகின்றன. வெட்டுப்பட்ட வேர்தான் பூஞ்சைக்கு வாசல்.

உரம்

முதல் ஆண்டு ஒரு செடிக்கு 10 கிலோ தொழு உரத்துடன் 100 கிராம் தழைச்சத்து, 40 கிராம் மணிச்சத்து, 50 கிராம் சாம்பல் சத்து. ஆண்டுதோறும் படிப்படியாகக் கூட்டி, ஆறாம் ஆண்டு முதல் 30 கிலோ தொழு உரத்துடன் 600, 200, 400 கிராம் என்ற அளவுக்கு வர வேண்டும். கடையில் வாங்கும் கணக்கில் சொன்னால், ஆறாம் ஆண்டு மரத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 1.25 கிலோ, பொட்டாஷ் 670 கிராம். யூரியாவை மார்ச்சில் பாதியும் அக்டோபரில் பாதியுமாகப் பிரித்து, மற்றவற்றை அக்டோபரில் தொழு உரத்தோடு சேர்த்து இடுங்கள். தண்டிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி, மண்வெட்டி போடாமல் மேல்மண்ணை லேசாகக் கிளறிக் கலந்தால் போதும். மண்ணில் ஈரம் இருக்கும் நாளாகப் பாருங்கள்.

மலை மண்ணில் அதிகம் காணப்படுவது துத்தநாகக் குறை. இலை சிறுத்து, கூராகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இடைப்பகுதி மஞ்சளாகும். 100 லிட்டர் தண்ணீரில் 500 கிராம் துத்தநாக சல்பேட்டைக் கரைத்து, 250 கிராம் சுண்ணாம்பை நீரில் கரைத்து வடிகட்டிய தெளிவைச் சேர்த்து, புதுத் துளிர் விரிந்து பாதி முற்றிய நிலையில் தெளியுங்கள். சுண்ணாம்பு சேர்க்காவிட்டால் இளம் இலை கருகும். மக்னீசியம் சல்பேட்டும் தேவைப்பட்டால் இதே 0.5 சதவீத அளவுதான். முற்றிய இலையில் தெளிப்பதால் பெரிய பலன் இல்லை.

தண்ணீர், பூ, பிஞ்சு

சொட்டுநீர் இருந்தால் முதல் ஆண்டுச் செடிக்குக் கோடையில் நாளுக்கு 5 முதல் 10 லிட்டர் போதும். காய்க்கும் மரத்துக்கு வெயில் காலத்தில் 60 லிட்டருக்கு மேல் தேவைப்படும். வாய்க்கால் பாசனமானால் இரட்டை வளையப் பாத்தி எடுங்கள்: தண்டை ஒட்டி ஒரு மண் வளையம், அதற்கு வெளியே தண்ணீர் நிற்கும் வளையம். தண்ணீர் தண்டைத் தொடவே கூடாது.

பூ எடுக்கச் செடிக்கு ஓய்வு தேவை. ஜனவரியில் மலையில் இயல்பாகவே மழை ஓய்ந்து குளிரும் வறட்சியும் இருக்கும். அந்த நாலைந்து வாரம் காய்க்கும் மரங்களுக்குத் தண்ணீர் விடாதீர்கள். பிறகு கோடைமழை விழுந்ததும் துளிரும் பூவும் சேர்ந்து வரும். மழை தாமதமானால் பாசனம் கொடுத்துத் தொடங்கிவைக்கலாம். ஆனால் தொடங்கிய பிறகு நிறுத்தக் கூடாது. பூத்து, பட்டாணி அளவு பிஞ்சு நிற்கும்போது மண் காய்ந்து, அப்புறம் திடீரென்று பெருமழை வந்தால் பாதிப் பிஞ்சு உதிர்ந்துவிடும்.

ஓரளவு உதிர்வது இயல்பு. தரை தெரியாமல் உதிர்ந்தால் 100 லிட்டர் தண்ணீரில் ஜிப்ரலிக் அமிலம் (வளர்ச்சி ஊக்கி) 1.5 கிராம், யூரியா 1 கிலோ கலந்து, பிஞ்சு பிடித்ததும் ஒருமுறையும் பதினைந்து நாள் கழித்து ஒருமுறையும் தெளிக்கலாம். தூள் வடிவ ஜிப்ரலிக் அமிலம் தண்ணீரில் நேராகக் கரையாது. கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்துப் பிறகு தண்ணீரில் சேருங்கள். இதைத் தெரியாமல் தெளித்து மருந்து கேட்கவில்லை என்பவர்கள் பலர்.

பசுமையாக்கல் நோயைக் கண்ணால் பிடிப்பது

இது பாக்டீரியா நோய். கடத்துவது சிட்ரஸ் சில்லிட் என்ற மூன்று மில்லிமீட்டர் பூச்சி. தளிரில் தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தை மேலே தூக்கி, சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே அடையாளம் தெரியும். குஞ்சுகள் மஞ்சளாக, வெள்ளை மெழுகு நூல்களை வெளியே தள்ளிக்கொண்டு குருத்தில் ஒட்டியிருக்கும்.

இலை மஞ்சளானதும் எல்லோரும் சத்துக்குறை என்று நினைத்து உரத்தைக் கொட்டுவார்கள். வேறுபாடு காண எளிய வழி உண்டு. ஓர் இலையைப் பறித்து, நடு நரம்பின் இடப்பக்கம் பேனாவால் ஒரு வட்டம் போடுங்கள். வலப்பக்கம் அதற்கு நேரெதிரே அதே அளவில் இன்னொன்று. சத்துக்குறையானால் இரண்டு வட்டத்துக்குள்ளும் நிறம் ஒன்றுபோல இருக்கும். ஒரு வட்டம் பச்சை, மற்றது மஞ்சள் என்று இருந்தால் பசுமையாக்கல் நோயைச் சந்தேகியுங்கள். பழத்திலும் பாருங்கள். நோயுள்ள பழம் ஒருபக்கம் கோணலாக இருக்கும். காம்புப் பக்கம் நிறம் ஏறி, அடிப்பக்கம் பச்சையாக நிற்கும். நெடுக வெட்டினால் நடுத்தண்டு வளைந்து, விதைகள் சுருங்கிக் கருத்திருக்கும். உறுதி செய்ய இலை மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

குணப்படுத்த மருந்து கிடையாது. இளம் தோட்டத்தில் நோய் உறுதியான மரத்தை அகற்றத்தான் வேண்டும். அப்படி அகற்றும் முன் முதலில் பூச்சிமருந்து தெளித்து, சில்லிட்டுகளைக் கொன்றுவிட்டுப் பிறகு வெட்டுங்கள். நேராக வெட்டினால் அத்தனை பூச்சியும் நோயோடு பக்கத்து மரத்துக்குப் பறக்கும். அடிக்கட்டையையும் பெயர்த்துவிடுங்கள், அதில் வரும் துளிரே மறுபடி நோய்க் கிடங்காகும்.

தடுப்பு முழுக்கத் துளிர்ப் பருவத்தில்தான். பூச்சி இளம் குருத்தில் மட்டுமே முட்டையிடும். பிப்ரவரி–மார்ச், ஜூன்–ஜூலை, செப்டம்பர்–அக்டோபர் என மூன்று பெரிய துளிர்ப் பருவம் உண்டு. துளிர் ஒரு அங்குலம் நீண்டதும் ஒருமுறையும் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒருமுறையும் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளியுங்கள்: 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்க்க வேண்டும். இலைத்துளைப்பானுக்கும் இதுவே போதும். பூச்சி அதிகமானால் தயாமீதாக்சம் அல்லது இமிடாகுளோபிரிட், லேபிளில் உள்ள அளவில். பூத்திருக்கும்போது இவற்றைத் தொடாதீர்கள், தேனீ சாகும்.

வீட்டோரக் கறிவேப்பிலையையும் மறக்காதீர்கள். அதன் துளிரில் இதே பூச்சி பெருகும். தோட்டத்துக்குள் கறிவேப்பிலை வேண்டாம். வீட்டுத் தேவைக்கு ஒன்று இருந்தால் அதற்கும் சேர்த்து மருந்தடியுங்கள்.

வேரழுகலும் கோந்து வடிதலும்

தண்டின் அடியில் தேன் நிறப் பிசின் வடியும், பட்டை வெடிக்கும், ஒருபக்கக் கிளை மட்டும் மஞ்சளாகும். பிசின் வடியும் இடத்தில் கத்தியால் சுரண்டி, பழுப்பான பட்டையை நல்ல பச்சைப் பட்டை தெரியும் வரை எடுத்து எரித்துவிட்டு, போர்டோ பசை பூசுங்கள். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் ஐந்தைந்து லிட்டரில் கரைத்து, ஒன்றாக ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் தோய்த்து எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. கலந்த அன்றே பூசிவிட வேண்டும். நோய் இல்லாத மரங்களுக்கும் மழைக்கு முன் ஒருமுறை, மழை ஓய்ந்ததும் ஒருமுறை, தரையிலிருந்து இரண்டடி வரை பூசுவது வழக்கமாகட்டும். காப்பித் துரு நோய்க்குப் போர்டோ கலவை தெளிக்கும் அன்று ஆரஞ்சுக்கும் சேர்த்தே தெளித்தால் ஒரு கூலி மிச்சம்.

மற்றப் பூச்சிகளில் தண்டுத் துளைப்பானுக்கு, மரத்தூள் உதிரும் துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, பெட்ரோலில் நனைத்த பஞ்சை அடைத்துக் களிமண் பூசுங்கள். பழம் உறிஞ்சும் அந்துப்பூச்சி இரவில் வந்து ஓட்டை போடும். அதன் புழு சீந்தில் கொடியில் வளர்வதால் வேலியில் படர்ந்த கொடியை அழியுங்கள். பழ ஈக்கு, ஆண் ஈயைக் கவரும் மீதைல் யூஜினால் பொறி வைத்து, விழுந்த பழங்களைத் தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள்.

அறுவடை

பறித்த பிறகு ஆரஞ்சு இனிக்காது. மரத்தில் இருந்த இனிப்புதான் கடைசி வரை. நிறம் மாறத் தொடங்கியதும் நாலைந்து மரத்திலிருந்து பழம் எடுத்துச் சுவை பாருங்கள். கையடக்க இனிப்பளவுக் கருவியில் 10-க்கு மேல் காட்டினால் தாராளமாகப் பறிக்கலாம். அதற்காக அதிக நாள் மரத்தில் விடவும் கூடாது. தோல் சுளையை விட்டு விலகி, பழம் ஊதி, எடை குறைந்துவிடும்.

பனி காய்ந்த பிறகு பறியுங்கள். ஈரத்தோடு பறித்தால் தோலில் எண்ணெய்ப் பைகள் உடைந்து, மறுநாள் கருந்திட்டு விழும். கையால் இழுத்தால் காம்படியில் தோல் பிய்ந்துகொண்டு வரும். அந்த ஓட்டையில் பச்சைப் பூஞ்சணம் பிடித்து, கூடையில் உள்ள மற்றப் பழங்களுக்கும் பரவும். சிறு கத்தரியால் காம்பைக் குமிழோடு ஒட்ட வெட்டுங்கள். காம்பு நீண்டிருந்தால் அது பக்கத்துப் பழத்தைக் குத்தும். பிளாஸ்டிக் கிரேட்டில் அடியில் காகிதமோ வைக்கோலோ போட்டு, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்துங்கள்.

விற்பனை

பூவிலேயே தோட்டத்தைக் குத்தகைக்கு விடுவது மலையில் பழக்கம். கைக்கு முன்பணம் வரும், உண்மைதான். ஆனால் குத்தகைதாரருக்கு இந்த ஆண்டுப் பழம் மட்டுமே வேண்டும். கிளையை ஒடித்துப் பறிப்பதும், மருந்துக்கும் பறிப்புக்கும் விட வேண்டிய இடைவெளியைப் பார்க்காமல் அடிப்பதும் அதனால் நடக்கிறது. எடைக்கு விற்பதே நல்லது. முடியாவிட்டால் கத்தரியால்தான் பறிக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

தரம் பிரிக்காமல் விற்றால் சிறிய பழத்தின் விலைதான் எல்லாவற்றுக்கும் கிடைக்கும். பெரியது, நடுத்தரம், சிறியது என மூன்றாகப் பிரித்து, பெரியதைச் சுற்றுலாப் பயணிகள் வரும் கொடைக்கானல், ஏற்காடு கடைகளுக்கும், நடுத்தரத்தை வத்தலக்குண்டு, திண்டுக்கல், மதுரை மொத்தக் கடைகளுக்கும் அனுப்பிப் பாருங்கள். நவம்பர் முதல் நாக்பூர் ஆரஞ்சும், பிறகு பஞ்சாபின் கின்னோவும் சந்தையில் குவியும். தோற்றத்தில் அவற்றோடு போட்டி போட நம் பழத்தால் முடியாது. மெல்லிய தோல், மணம், மலைப் பழம் என்ற பெயர் ஆகியவற்றைச் சொல்லி நேரடியாக விற்கும்போதுதான் நல்ல விலை வரும். ஊரின் பெயரை அச்சிட்ட இரண்டு கிலோ அட்டைப்பெட்டி இதற்குப் போதும்.

சிறியதும் தோல் அடிபட்டதும் ஸ்குவாஷுக்கு. 1 லிட்டர் சாறுக்கு 1.75 கிலோ சர்க்கரை, 1 லிட்டர் தண்ணீர், 20 கிராம் சிட்ரிக் அமிலம். சர்க்கரை, தண்ணீர், அமிலத்தைக் காய்ச்சி வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகே சாற்றைச் சேருங்கள். முடிவில் சுமார் 3 லிட்டர் வரும். அதற்கு 2 கிராமுக்கு மிகாமல் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்ற கெடாமல் காக்கும் பொருளைச் சிறிது நீரில் கரைத்துக் கலந்து, சுடுநீரில் கொதிக்கவைத்து உலர்த்திய பாட்டிலில் அடையுங்கள். சாறு பிழியும்போது விதை நசுங்கக் கூடாது. நசுங்கினால் அன்றைக்கு இனிப்பாகத் தெரியும் சாறு மறுநாள் கசக்கும். விற்பதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் வேண்டும். அதை அறுவடைக்கு இரண்டு மாதம் முன்பே இணையவழியில் விண்ணப்பித்து வாங்கி, லேபிளில் அச்சிட்டு வைத்துவிடுங்கள்.